உண்ணிக்குள் பார்த்தவர்கள்

எங்கள் ஆச்சி மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் தொழுவத்துக்குப் போவாள். கையில் ஒரு சிரட்டை. அதில் கொஞ்சம் மண்ணெண்ணெய். பசுவின் காது மடலைப் புரட்டிப் பார்ப்பாள். தாடைக்குக் கீழே தொங்கும் தோலைத் தடவுவாள். மடிக்கும் தொடைக்கும் நடுவே விரலை விட்டு ஒவ்வொரு உண்ணியாகப் பிடுங்கிச் சிரட்டைக்குள் போடுவாள். பசு கண்ணை மூடிக்கொண்டு நிற்கும். சேரன்மகாதேவிக்குப் பக்கத்தில், கன்னடியன் கால்வாய்த் தண்ணீர் பாயும் ஊர் எங்களுடையது.

“கொட்டமுத்து மாதிரி உப்பிக் கெடக்கு பாத்தியா, இது பொட்ட. இந்தச் சின்னது ஆணு. இது என்ன குடிச்சாலும் உப்பாது” என்பாள்.

எனக்கு அப்போது எட்டு வயதிருக்கும். ஆச்சி சொன்னது சரியென்று முப்பது வருடம் கழித்துப் படித்தேன். ஆண் உண்ணியின் முதுகு முழுவதையும் கெட்டியான ஓடு மூடியிருக்கிறது. பெண்ணுக்கு அந்த ஓடு கழுத்துப் பக்கம் மட்டும்தான். மற்ற தோல் விரியும். முட்டைகளுக்கு வேண்டிய ரத்தத்தை அவள் அங்கேதான் சேர்த்துக்கொள்கிறாள். கொட்டமுத்து என்ற உவமையும் ஆச்சிக்கு மட்டும் தோன்றியதல்ல. லத்தீனில் உண்ணிக்குப் பெயர் ‘ரிசினஸ்’. ஆமணக்கு விதை உண்ணிபோல் இருப்பதால் தாவரவியலில் ஆமணக்குக்கும் அதே பெயர் வந்தது. ரோமாபுரிக்காரனும் எங்கள் ஆச்சியும் ஒரே பொருளை ஒரே கண்ணால் பார்த்திருக்கிறார்கள். அவன் சொன்னது அறிவியல் பெயராகி நின்றது. இவள் சொன்னது தொழுவத்தோடு போயிற்று.

இந்த வேலைக்குக் கூலி கிடையாது. வேலை என்றே யாரும் சொன்னதில்லை. “ஆச்சி மாட்டோட இருக்கா” என்பார்கள். பால் காசு தாத்தா கைக்குப் போகும். ஒரு வருடம் செவலைப் பசுவுக்குக் காய்ச்சல் கண்டது. கண்ணின் உள்தோல் வெளிறி, பிறகு மஞ்சள் பூத்தது. பால் வற்றிப்போனது. “உண்ணி ரெத்தத்தக் குடிச்சது மட்டும் இல்ல. என்னத்தையோ உள்ள விட்டுட்டுப் போயிருக்கு” என்றாள் ஆச்சி. வீட்டு ஆண்கள் சிரித்தார்கள். அது என்ன நோய் என்று யாரும் பார்க்கவில்லை. இன்று யோசித்தால், அந்த அறிகுறிகள் அனாபிளாஸ்மா என்ற நோய்க்கு அப்படியே பொருந்துகின்றன. மாட்டின் ரத்தச் சிவப்பணுக்களின் ஓரத்தில் புள்ளியாகத் தெரியும் அந்தக் கிருமியை, அனாபிளாஸ்மா மார்ஜினாலே என்று 1910இல் பெயரிட்டு விவரித்தவர் தென்னாப்பிரிக்காவில் வேலைபார்த்த அர்னால்டு தெய்லர். அதைப் பரப்புவது உண்ணி.

ஆச்சி சொன்ன அந்த ‘என்னத்தையோ’தான் இந்தக் கட்டுரையின் பொருள். உண்ணிக்குள் இருக்கும்போது அது என்னவாக இருக்கிறது, உடம்புக்குள் வந்தபின் என்னவாக மாறுகிறது, இதை யார் எப்போது பார்த்தார்கள் என்ற கதை. ஒரு தமிழ் ஆசிரியைக்கு இதில் என்ன வேலை என்று கேட்கலாம். எனக்கு அந்தக் கேள்வி பெரியம்மாவின் படுக்கை ஓரத்தில் பிறந்தது.

*

சில வருடங்களுக்கு முன்னால் ஒரு கார்த்திகை மாதம். பெரியம்மா மலையடிவாரத்து ஊரில் இருந்தாள். ஆட்டுக்குப் புல் அறுக்க ஓடைக்கரைப் புதருக்குள் போய் வருவது அவளுடைய அன்றாடம். காய்ச்சல் வந்தது. மூன்றாம் நாள் மாத்திரை. ஐந்தாம் நாள் ஊசி. ஏழாம் நாள் ஒரு மருத்துவமனையில் சேர்த்தோம். பெயர் வேண்டாம். டெங்கு இல்லை என்றார்கள், டைபாய்டு இல்லை என்றார்கள், மலேரியா இல்லை என்றார்கள். ஒன்பதாம் நாள் மூச்சு வாங்க ஆரம்பித்தது. வந்த மருத்துவர்கள் நாடி பார்த்தார்கள், நாக்கு பார்த்தார்கள், சேலைக்கு மேலாகவே குழல் வைத்து நெஞ்சு பார்த்தார்கள். பெரியம்மாவும் சேலைத் தலைப்பை இழுத்து இழுத்து மூடிக்கொண்டே இருந்தாள்.

பத்தாம் நாள் இரவுப் பணிக்கு வந்த இளம் பெண் மருத்துவர் திரையை இழுத்து விட்டு, “ஆச்சி, சட்டையக் கழட்டிப் பாக்கணும்” என்றார். இடது மார்பின் கீழ் மடிப்பில் ஒரு கரும்பொருக்கு இருந்தது. பீடிக் கங்கு பட்டுக் கருகியதுபோல, சுற்றிலும் சிவந்த வளையம். வலிக்காது, அரிக்காது. அதனால் பெரியம்மா அதைப் பற்றிச் சொல்லவேயில்லை. சொல்லக்கூடிய இடமாகவும் அது அவளுக்குத் தோன்றவில்லை. அன்று இரவே டாக்சிசைக்ளின் கொடுத்தார்கள். இரண்டாம் நாள் காய்ச்சல் இறங்கியது. “கொஞ்சம் கஞ்சி குடு” என்றாள்.

ஸ்க்ரப் டைபஸ். நம் செய்தித்தாள்கள் இதை ‘உண்ணிக் காய்ச்சல்’ என்று எழுதுகின்றன. கண்டிப்பாகப் பார்த்தால் அது உண்ணி இல்லை. உண்ணியின் உறவுக்காரச் சிறுபூச்சி ஒன்றின் இளம்பருவம். கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் இருக்கும் செந்துகள். எட்டுக் கால் வருவதற்கு முன்பான ஆறுகால் பருவத்தில் அது ஒரே ஒரு முறை விலங்கையோ மனிதரையோ கடிக்கும். அந்த ஒரு கடியில் ஓரியன்ஷியா சுட்சுகாமுஷி என்ற பாக்டீரியா இறங்குகிறது. அசல் உண்ணி பரப்பும் டைபஸ் காய்ச்சலும் நம் நாட்டில் உண்டு. இரண்டும் ஒரே பெரிய குடும்பம்.

இந்த நோயை ராணுவ வரலாறு நன்றாக அறியும். இரண்டாம் உலகப் போரில் பர்மா முனைக் காடுகளில் படைவீரர்களை இது கூட்டம் கூட்டமாகச் சாய்த்தது. போர் முடிந்தது, நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகள் வந்தன, நோய் மறக்கப்பட்டது. ஆனால் நோய் எங்கும் போய்விடவில்லை. குளிர் மாதங்களில் தென்னிந்தியாவில் இது பரவுவதை வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியிலிருந்து எலிசபெத் மாத்தாயும் உடன் பணியாற்றியவர்களும் 2003இல் எழுதினார்கள். அதே கல்லூரியிலிருந்து 2013இல் வந்த இன்னொரு கட்டுரை, அந்தக் கரும்பொருக்கு உடம்பில் எங்கெங்கே இருக்கிறது என்று நோயாளிகளைப் பார்த்துக் கணக்கெடுத்தது. ஆண்களுக்கு அக்குளிலும் தொடையிடுக்கிலும் பிறப்புறுப்பிலும் அதிகம். பெண்களுக்கு நெஞ்சிலும் வயிற்றிலும் அதிகம். துணி இறுகும் இடங்களிலும் தோல் மடியும் இடங்களிலும் பூச்சி தங்கிவிடுகிறது.

பெரியம்மாவின் உயிர் ஒரு சட்டைக் கொக்கிக்குள் இருந்தது என்பது அந்தக் கட்டுரையைப் படித்தபோதுதான் எனக்கு முழுதாக விளங்கியது. நோயின் அடையாளம் இருந்தது. பார்க்க வேண்டிய இடத்தில் யாரும் பார்க்கவில்லை.

அங்கிருந்து நான் பின்னோக்கி வாசிக்க ஆரம்பித்தேன். கடித்த இடத்திலிருந்து கடித்த பூச்சிக்கு, பூச்சியிலிருந்து அதற்குள் இருந்த கிருமிக்கு.

*

முதலில் என்னை நிறுத்தியவை சொற்கள். உண்ணி என்றால் உண்பது. ஒட்டிக்கொண்டு உண்பது ஒட்டுண்ணி. எந்த உடம்பில் அது வாழ்கிறதோ அந்த உடம்புக்கு நம் பாடநூல்கள் வைத்த பெயர்களில் ஒன்று விருந்தோம்பி. கடிபட்ட மாட்டுக்கு, கடிபட்ட பெரியம்மாவுக்கு, விருந்தோம்பி என்று பெயர். நம் இலக்கியத்தில் விருந்தோம்பல் யாருடைய வேலை என்று எல்லோருக்கும் தெரியும். கோவலன் பிரிந்திருந்த காலத்தில் தான் இழந்ததாகக் கண்ணகி கொலைக்களக் காதையில் சொல்வதே விருந்தோம்பும் பேற்றைத்தான். வந்தவர் யார், அவர் என்ன எடுத்துப் போனார் என்று அவள் கேட்கக்கூடாது. கலைச்சொல் உருவாக்கியவர்கள் இதை யோசித்திருக்க மாட்டார்கள். ஆனாலும் அந்தச் சொல் ஒரு பார்வையைச் சுமந்துதான் வருகிறது. விருந்து நடக்கும் வீட்டைப் பார். விருந்தாளி புறப்பட்டு வந்த வீட்டைப் பற்றிக் கேட்காதே.

உண்ணி வழி நோய்களின் ஆய்வும் வெகுகாலம் அப்படித்தான் நடந்தது. நோயாளியின் ரத்தத்தில் கிருமி எப்படி இருக்கிறது என்று பார்த்தார்கள். அதற்கு எதிராக ரத்தம் என்ன செய்கிறது என்று பார்த்தார்கள். உண்ணியை ஒரு வண்டியாக மட்டுமே எண்ணியவர்கள் பலர். கிருமி அதில் ஏறி வருகிறது, இறங்கிவிடுகிறது. வண்டிக்குள் உட்கார்ந்திருந்தபோது அது என்ன செய்துகொண்டிருந்தது என்று பார்க்கக் கருவியும் இல்லை.

சுவடி படித்தவர்களுக்கு இந்தச் சிக்கல் புரியும். ஒரே ஒரு ஏட்டுப்பிரதியை வைத்துப் பதிப்பித்த நூலில் எது மூலம், எது அந்தப் பிரதியின் பாடம் என்று பிரித்துச் சொல்ல முடியாது. இரண்டாவது பிரதி கிடைக்கும்போதுதான் முதல் பிரதியே நமக்குப் புரிய ஆரம்பிக்கிறது.

*

1990இல் அமெரிக்காவின் விஸ்கான்சினில் ஒருவர் உண்ணி கடித்தபின் காய்ச்சல் கண்டு இறந்தார். அவருடைய வெள்ளணுக்களுக்குள் கொத்துக் கொத்தாகக் கிருமிகள் இருந்தன. நோய்க்கிருமிகளைத் தின்பதே வேலையாக உள்ள அணுக்களுக்குள் இவை குடியிருந்தன. 1994இல் இது தனி நோயாக அறிவிக்கப்பட்டது. இந்தக் கிருமிக்கு 2001 முதல் அனாபிளாஸ்மா ஃபேகோசைட்டோஃபிலம் என்று பெயர். எங்கள் செவலைப் பசுவை வாட்டியிருக்கக்கூடிய கிருமிக்கு நெருங்கிய சொந்தம்.

இது உயிருள்ள செல்லுக்குள் மட்டுமே வளரும். ஆய்வுக்கூடத்தில் வளர்க்க வேண்டுமானால் முதலில் ஒரு செல் வேண்டும். 1996இல் மின்னசோட்டாவில் ஒரு குழு இதை எச்.எல்.-60 என்ற மனித செல்களில் வளர்த்துக் காட்டியது. அந்த எச்.எல்.-60 யாருடையது? ஒரு பெண்ணுடையது. 36 வயதில் ரத்தப் புற்றுநோய் கண்டவள். அவளுடைய ரத்தத்திலிருந்து எடுத்து அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தில் உருவாக்கிய செல்வழி பற்றி 1977இல் எழுதினார்கள். அன்றிலிருந்து உலகமெங்கும் ஆய்வுக்கூடங்களில் அவளுடைய செல்கள் பெருகிக்கொண்டே இருக்கின்றன. கட்டுரைகளில் அவள் வயது உண்டு. அவள் நோய் உண்டு. பெயருக்குப் பதிலாக இரண்டு எழுத்தும் ஒரு எண்ணும். எவ்வளவோ கிருமிகளுக்கு விருந்தோம்பிய அந்தப் பெண்ணை நான் அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன்.

இது மனிதர் பக்கத்துப் பிரதி. உண்ணிப் பக்கத்துப் பிரதிக்கு உண்ணியின் செல்கள் வேண்டும். மின்னசோட்டாப் பல்கலைக்கழகத்தின் பூச்சியியல் துறையில் உல்ரிக்கே முண்டர்லோ என்ற பெண் ஆய்வாளர், திமதி குர்ட்டியோடு சேர்ந்து அந்த வேலையைச் செய்துகொண்டிருந்தார். கருங்கால் உண்ணியின் முட்டைகளுக்குள் வளரும் கருவிலிருந்து செல்களைப் பிரித்து வளர்க்க வேண்டும். மனித செல்போல அவை ஓரிரு நாளில் பெருகுவதில்லை. மாதக்கணக்கில் நீர் மாற்றி, உணவு மாற்றிக் காத்திருக்க வேண்டும். பொறுமையும் கைப்பழக்கமும் சேர்ந்த, வெளியே தெரியாத வேலை. 1994இல் அந்தச் செல்வழிகளை அவர்கள் முறையாக விவரித்தார்கள். ஐ.டி.இ.8, ஐ.எஸ்.இ.6 என்று பெயர்கள். 1996இல் முண்டர்லோவும், ஓக்லஹோமாவில் மாட்டு உண்ணிகளை ஆராய்ந்த கேத்தரின் கோக்கனும், உடன் பணியாற்றியவர்களும் மாட்டுக் கிருமியான அனாபிளாஸ்மா மார்ஜினாலேயை உண்ணி செல்லில் வளர்த்தார்கள். 1999இல் மனிதரைத் தாக்கும் கிருமியையும் அவ்வாறே வளர்த்து, அது உண்ணி செல்லுக்குள் நுழைந்து பெருகுவதை எழுதினார்கள்.

இப்போது இரண்டு பிரதிகள் கையில் இருந்தன. ஒரு பெண்ணின் ரத்தம். ஒரு பெண் உண்ணியின் முட்டை. இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்க முடிந்தது அதன் பிறகுதான்.

*

ஒப்பிட்டபோது தெரிந்ததைச் சொல்கிறேன்.

ஒரு பாக்டீரியாவின் மரபணுத் தொகுதி ஒரு சுவடிக்கட்டு மாதிரி. எல்லா ஏடுகளும் எப்போதும் கட்டில் இருக்கும். ஆனால் எல்லா ஏடுகளும் எப்போதும் வாசிக்கப்படுவதில்லை. எந்த மரபணு வாசிக்கப்படுகிறதோ அந்தப் புரதம்தான் உருவாகும். முண்டர்லோவின் குழு 2008இல் ஒரே கிருமியை இரண்டு வகை மனித செல்களிலும் ஓர் உண்ணி செல்லிலும் வளர்த்து, கட்டு முழுவதிலும் எந்தெந்த ஏடு அவிழ்க்கப்படுகிறது என்று பார்த்தது. உண்ணி செல்லில் வாசிக்கப்பட்ட சில, மனித செல்லில் மூடிக் கிடந்தன. மனித செல்லில் வாசிக்கப்பட்ட சில, உண்ணியில் மூடிக் கிடந்தன. கிருமியின் மேற்பரப்பில் நிற்கும் புரதங்களில் இந்த வேறுபாடு நன்றாகவே தெரிந்தது. கிருமி தொடுவதும் பற்றுவதும் நுழைவதும் மேற்பரப்பால்தான். நம் எதிர்ப்புச் சக்தி அதை அடையாளம் காண்பதும் அதைக் கொண்டுதான்.

இந்தக் கிருமியிடம் மேற்பரப்புப் புரதம் ஒன்றுக்கு மட்டும் நூற்றுக்கு மேற்பட்ட மரபணுப் படிகள் இருக்கின்றன. பெட்டி நிறையச் சேலை, முற்றத்தில் ஒரே ஒரு கொடி. கொடியில் தொங்குவதுதான் வெளியே தெரியும். நம் உடம்பு அந்த நிறத்தைப் பழகிக்கொண்டு தேடி வரும்போது, பெட்டியிலிருந்து ஒரு துண்டை எடுத்துக் கொடிச் சேலையில் ஒட்டுப்போட்டு நிறத்தை மாற்றிவிடுகிறது. மாட்டுக்குள் அனாபிளாஸ்மா மார்ஜினாலேயும் இதைத்தான் செய்கிறது. பிழைத்தெழுந்த மாடு ஆயுள் முழுக்க அதைச் சுமப்பது இதனால்தான். உண்ணியின் உமிழ்நீர்ச் சுரப்பிக்குள் இந்த விதவிதமான நிறங்கள் தேவைப்படுவதில்லை. அங்கே சில வகைகள் மட்டுமே தென்படுகின்றன என்று 1999இல் காட்டினார்கள்.

எர்லிக்கியா சாஃபீன்சிஸ் என்ற இன்னொரு உறவுக்காரக் கிருமியில் இது இன்னும் துலக்கமாகத் தெரிகிறது. அதனிடம் ஒரே குடும்பத்து மேற்பரப்புப் புரதத்துக்கு 22 மரபணுக்கள் வரிசையாக உள்ளன. விழுங்கணு எனப்படும் வெள்ளணுவில் வளரும்போது 19ஆம் மரபணுவின் புரதம் முன்னால் நிற்கிறது. உண்ணி செல்லில் வளரும்போது 14ஆம் மரபணுவின் புரதம். கான்சஸ் மாநிலப் பல்கலைக்கழகக் குழு 2005இல் இதை வெளியிட்டது. பிறகு அவர்கள் எலிகளில் சோதித்தபோது, உண்ணி செல்லில் வளர்த்த கிருமியை எலியின் உடம்பு ஒழித்துக்கட்டக் கூடுதல் நாள் எடுத்தது. நம் தெருநாய்களின் உண்ணி சுமக்கும் எர்லிக்கியா கேனிஸும் நாய்க்குள் ஒரு மாதிரியும் உண்ணிக்குள் வேறு மாதிரியும் மரபணுக்களை வாசிக்கிறது என்று ஓஹையோவில் யசுகோ ரிகிஹிசா என்ற பெண் ஆய்வாளரின் குழு 2001இல் எழுதியிருக்கிறது.

யோசித்துப் பாருங்கள். உண்ணி கடிக்கும் நொடியில் நம் உடம்புக்குள் வருவது உண்ணி வீட்டு உடுப்போடு வரும் கிருமி. ஆய்வுக்கூடங்கள் அதற்கு முன் வெகுகாலம் படித்துக்கொண்டிருந்தது நம் வீட்டு உடுப்புக்கு மாறிய கிருமியை. வாசலில் வந்து நின்றவரை யாரும் பார்த்திருக்கவில்லை.

*

உண்ணி வீட்டு உடுப்பை அறிந்ததால் என்ன பயன் என்பதற்கு லைம் நோயின் கதை உண்டு. அதுவும் ஒரு பெண்ணின் நோட்டுப்புத்தகத்தில் தொடங்குகிறது.

அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் லைம் என்ற சிற்றூர். பாலி மர்ரே அங்கே ஒரு வீட்டுத் தலைவி, நான்கு பிள்ளைகளின் தாய். தனக்கும் கணவருக்கும் பிள்ளைகளுக்கும் மூட்டு வீக்கம், தடிப்பு, காய்ச்சல் என்று மாறி மாறி வந்தவற்றை ஆண்டுக்கணக்கில் எழுதிவைத்தார். மருத்துவர்கள் அதை மனக்கோளாறு என்றார்கள். அக்கம்பக்கத்து வீடுகளிலும் விசாரித்துப் பட்டியல் போட்டார். 1975இல் அவரும் ஜூடித் மென்ச் என்ற இன்னொரு தாயும் தனித்தனியே மாநிலச் சுகாதாரத் துறையைத் தொடர்புகொண்டார்கள். அதன் பிறகுதான் யேல் பல்கலைக்கழகத்திலிருந்து ஆள் வந்தது. ஊர்ப் பெயர் நோய்க்கு வந்தது. கிருமியைக் கண்டுபிடித்த வில்லி பர்க்டார்ஃபரின் பெயர் கிருமிக்கு வந்தது. பட்டியல் போட்ட பெண்ணின் பெயர் எதற்கும் வரவில்லை. 1996இல் அவரே தன் கதையைப் புத்தகமாக எழுதினார்.

அந்தக் கிருமியும் உடுப்பு மாற்றும். பட்டினி கிடக்கும் உண்ணியின் குடலில் அது ‘ஏ’ என்ற மேற்பரப்புப் புரதத்தோடு ஒட்டிக்கொண்டிருக்கும். உண்ணி கடித்துச் சூடான ரத்தம் உள்ளே போனதும் ‘ஏ’யைக் குறைத்து ‘சி’ என்ற புரதத்தை உருவாக்கும். 1995இல் மொன்டானாவின் ராக்கி மலை ஆய்வுக்கூடத்திலிருந்து வந்த கட்டுரை இதைக் காட்டியது. எழுதியவர்களில் பாட்ரீசியா ரோசா என்ற பெண் ஆய்வாளரும் ஒருவர். 1998இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற லைம் தடுப்பூசி, உண்ணிக்குள் இருக்கும் ‘ஏ’யைத்தான் குறிவைத்தது. ஊசி போட்டுக்கொண்டவரின் ரத்தத்தை உண்ணி குடிக்கும்போது எதிர்ப்பொருளும் சேர்ந்து உள்ளே போகும். கிருமி உடுப்பு மாற்றுவதற்குள், உண்ணியின் வயிற்றிலேயே அதைப் பிடித்துவிடும். தடுப்பூசி மனிதருக்கு, போர் நடப்பது உண்ணிக்குள். வழக்குகளும் அச்சமும் சூழ, விற்பனை விழுந்து, 2002இல் தயாரித்த நிறுவனமே அதை நிறுத்திக்கொண்டது. ஆனாலும் அந்த எண்ணம் சரியானது என்று நிரூபணமாகியிருந்தது. உண்ணியை வண்டியாக மட்டும் பார்த்திருந்தால் அப்படி ஓர் ஊசி யாருக்கும் தோன்றியிருக்காது.

*

இதையெல்லாம் படித்துக்கொண்டிருந்த பருவத்தில் பாளையங்கோட்டையில் முதுகலை மாணவிகளுக்குப் பொருநராற்றுப்படை நடத்தினேன். ஈரும் பேனும் மண்டிய, வேர்வையில் நனைந்து ஒட்டுப்போட்ட கந்தையோடு கரிகாலன் வாசலுக்குப் பொருநன் வருகிறான். அரசன் அந்தக் கந்தையைக் களையச் செய்து, நூல் போன வழி தெரியாத நுண்ணிய ஆடையைக் கொடுக்கிறான். அதே ஆள், வேறு வீடு, வேறு உடுப்பு. வகுப்பில் கிருமிக் கதையையும் சொன்னேன். கடைசிப் பெஞ்சிலிருந்து ஒரு மாணவி எழுந்தாள்.

“அப்போ இது நம்மள மாதிரிதான மேடம்? பொறந்த வீட்டுல ஒண்ணு, போற வீட்டுல ஒண்ணு. எடத்துக்கு ஏத்த மாதிரி மாறிக்கிடணும்.”

வகுப்பு சிரித்தது. அவளுக்கு அடுத்த மாதம் கல்யாணம்.

அந்த உவமை வாயில் வந்து விழக்கூடியதுதான். எனக்கும் முதலில் அதுதான் தோன்றியது. ஒரு கவிதை கூட ஆரம்பித்துக் கிழித்துப் போட்டேன். ஏன் கிழித்தேன் என்று அவளிடம் சொன்னேன். கிருமியிடம் யாரும் ‘அனுசரித்துப் போ’ என்று சொல்லி அனுப்பவில்லை. அது தன் வாழ்வுக்காக மாறுகிறது, மாறிய பின் வீட்டையே தன் வசத்துக்குக் கொண்டுவருகிறது. பெண்ணிடம் கேட்கப்படும் மாற்றம் வீட்டின் வசதிக்காக. இரண்டையும் ஒன்றென்று சொன்னால், நம்மீது சுமத்தியதை இயற்கையின் விதி என்று நாமே ஒப்புக்கொண்டதாகும். நம் பக்தியும் கவிதையும் திரைப்பாட்டும் பெண்ணைத் தண்ணீர் என்றும் கொடி என்றும் சொல்லிச் சொல்லி அந்த வேலையைச் செய்து முடித்திருக்கின்றன. உண்ணிக் கிருமியையும் அதற்குச் சாட்சிக்கு அழைக்க வேண்டாம்.

“அப்போ நமக்கு இதுல என்ன இருக்கு மேடம்?” என்றாள். நல்ல கேள்வி.

எங்கே நின்று பார்த்தார்கள் என்று கேட்கும் பழக்கம் இருக்கிறது என்றேன். ஓர் உயிரை ஒரு வீட்டில் மட்டும் பார்த்துவிட்டு ‘அதன் குணம் இது’ என்று எழுதுகிறார்கள். அது அந்த வீட்டில் அது காட்டிய முகம். இன்னொரு வீட்டில் கட்டின் வேறு ஏடுகள் அவிழும். அந்த இன்னொரு வீடு பெரும்பாலும் யாரும் நுழைய விரும்பாத இடமாக இருக்கிறது. உண்ணியின் குடல், மாட்டுத் தொழுவம், சட்டைக்குள் இருக்கும் தோல். அங்கே கை வைத்தவர்களில் பலர் பெண்கள். ஆச்சி சிரட்டையோடு போனாள், பாலி மர்ரே நோட்டோடு உட்கார்ந்தார், முண்டர்லோ உண்ணி முட்டைகளோடு வருடங்களைக் கழித்தார். பெண்களுக்கு இயல்பிலேயே வேறு கண் இருந்ததால் இப்படி நடந்தது என்று நான் நம்பவில்லை. பலருக்கு ஒதுக்கப்பட்ட இடம் அது. ஒதுக்கப்பட்ட இடத்திலிருந்தும் உண்மை தெரியும் என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வெகுநாள் ஆகிறது.

*

பெரியம்மாவைக் கடித்த பூச்சியைப் பற்றி ஒன்று சொல்லி முடிக்கிறேன். ஓரியன்ஷியா தாய்ப்பூச்சியின் முட்டை வழியாக அடுத்த தலைமுறைக்குப் போகிறது. தாயிடமிருந்து மகளுக்கு. சில இனங்களில், தொற்றிய தாய்க்குப் பெரும்பாலும் பெண்களே பிறக்கின்றன. இந்தக் கிருமியும் ஒரே முகம் உடையதல்ல. செல்லுக்குள் இருக்கும்போதும் செல்லை விட்டு வெளியேறிய பின்னும் அது வெவ்வேறு நிலைகளில் இருக்கிறது, மேற்பரப்பும் புரதங்களும் வேறுபடுகின்றன என்று ஜீன் சால்ஜே என்ற பெண் ஆய்வாளரின் குழு 2022இல் விரிவாக எழுதியது. நோய் முற்றியவர்களுக்கு டாக்சிசைக்ளினோடு அசித்ரோமைசினும் சேர்த்துக் கொடுப்பது கூடுதல் பலன் தருகிறது என்று வேலூர் மருத்துவர்கள் தலைமையில் இந்திய மருத்துவமனைகளில் நடந்த ஆய்வு 2023இல் வெளிவந்தது. மருந்து இருக்கிறது. விலையும் அதிகமில்லை. நேரத்தோடு நோயைக் கண்டுபிடிக்க வேண்டும். அதற்குத் தோலைப் பார்க்க வேண்டும்.

பார்ப்பதற்கு ஒரு திரை வேண்டும், துணைக்கு ஒரு செவிலி வேண்டும், “சட்டையக் கழட்டிப் பாக்கணும்” என்று மரியாதையோடு கேட்கும் குரல் வேண்டும். “அங்கே ஒரு புண் இருக்கு” என்று கூசாமல் சொல்லும் பழக்கம் நம் பெண்களுக்கும் வேண்டும். மருத்துவ நூலில் ஒரு வரியாக முடியும் இந்தக் காரியத்துக்கு வெளியே எவ்வளவு வேலை கிடக்கிறது.

பெரியம்மாவுக்கு இப்போது எழுபதைத் தாண்டிவிட்டது. ஆடு இரண்டுதான் வைத்திருக்கிறாள். போன மழைக்காலத்தில் பக்கத்து வீட்டு மருமகளுக்குக் காய்ச்சல் என்று கேள்விப்பட்டு, கம்பை ஊன்றிக்கொண்டு அங்கே போயிருக்கிறாள். அவளை அறைக்குள் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தி, தானே தலையிலிருந்து கால்வரை பார்த்திருக்கிறாள். ஒன்றும் இல்லை. சாதாரணக் காய்ச்சல்தான். அப்படியும் மறுநாள் அவள் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும்போது தெருவில் நின்று சத்தமாகச் சொல்லியிருக்கிறாள்:

“ஏட்டி, டாக்டரு கிட்ட மேலோட்டமா காட்டிட்டு வந்துராத. சட்டைக்குள்ளயும் பாக்கச் சொல்லு.”

தெருவே கேட்டதாம். போனில் அதைச் சொல்லும்போது பெரியம்மாவின் குரலில் கூச்சம் இல்லை.